பதினோராம் வினா

வாளேந்தி மாண்டவனுக்குச் சிலை எழுப்புவது உலக வழக்கு. ஊர்ச் சதுக்கங்களில் குதிரைமீது அமர்ந்திருப்போரும், துப்பாக்கி தாங்கி நிற்போரும் அவ்வழக்கின் சான்றுகள். மேசைமுன் அமர்ந்து, கோப்புகளைப் புரட்டி, படிவங்களில் ஒப்பமிட்டு வாழ்ந்த ஓர் அரசு ஊழியர் வீரராக நினைக்கப்படுவதோ மிக அரிது. குருதி சிந்தினால் வீரம். எழுதிக் கொடுத்தால் கூலி வேலை. இவ்வாறு எண்ணியே மனித மனம் பழகிவிட்டது.

ஆயினும் கொடுங்கோன்மை துப்பாக்கியால் மட்டும் நடைபெறுவது இல்லை. ஒரு நகரில் யார் வாழ்கின்றனர், எந்தத் தெருவில், எந்த மாடியில், எந்தப் பெயரில் வாழ்கின்றனர் என்று அறியாத படைவீரன் இருளில் துழாவுபவனே. அவனுக்குக் கண் கொடுப்பது பட்டியல். பட்டியலை எழுதுபவரோ துப்பாக்கியைத் தொட்டே அறியாத எழுத்தர். ஆகவே, அந்நியர் ஆட்சி ஒரு நாட்டைக் கவிந்துகொள்ளும் காலத்தில், எழுத்தர் எழுதுவதும் எழுதாமல் விடுவதும் எண்ணற்றோரின் வாழ்வும் சாவும் ஆகிவிடுகின்றன.

அத்தகைய காலத்தில் அரசு ஊழியரின் கடமை யாது? ஆணையிட்டவருக்குப் பணிவதா? ஆணையால் அழியவிருப்போரைக் காப்பதா? பதவியைத் துறந்து வெளியேறுவது அறமா, பதவியில் இருந்துகொண்டே ஆணையை முடக்குவது அறமா? இவ்வினாக்களைத் தம் வாழ்வாலும் சாவாலும் எதிர்கொண்டவருள் ஒருவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ரெனே கார்மீ.

கார்மீ 1886ஆம் ஆண்டு, பிரான்சின் தென்மேற்கே தோர்தோன் மாவட்டத்திலுள்ள திரேமொலா என்னும் சிற்றூரில் பிறந்தார். பாரிசின் புகழ்பெற்ற பொலிடெக்னிக் உயர்கல்விக்கூடத்தில் பயின்று, பீரங்கிப்படை அதிகாரியாகி, முதல் உலகப் போரில் பணியாற்றினார். பின்னர் இராணுவக் கணக்குகளையும் நிருவாகத்தையும் மேற்பார்வையிடும் தலைமைக் கட்டுப்பாட்டாளர் நிலைக்கு உயர்ந்தார். அரசு அலுவலகங்களில் துளை அட்டைப் பொறிகளைப் பயன்படுத்தும் முறையைப் பற்றி 1936இல் ஒரு நூலும் எழுதினார்.

துளை அட்டை என்பது இன்றைய கணினியின் முன்னோடி எனலாம். ஒருவரின் அகவை, பிறந்த ஊர், தொழில் முதலிய செய்திகள் ஒவ்வொன்றும் கெட்டித் தாளட்டை ஒன்றில், அதற்கெனக் குறித்த இடத்தில் ஒரு துளையாக இடப்படும். பின்னர்ப் பொறியின் வழியே அட்டைகள் ஓடும்போது, வேண்டிய துளையுள்ளவை மட்டும் தனியே பிரிந்து விழும். நூறு எழுத்தர் பல மாதம் தேடிச் சேர்க்கும் பட்டியலைப் பொறி சில நாளில் சேர்த்துவிடும். நாட்டை ஆள்வோர்க்கு இது பெருந்துணை. நாட்டை வேட்டையாட வந்தோர்க்கும் அவ்வாறே.

1940ஆம் ஆண்டு சூன் திங்களில் பிரான்சு வீழ்ந்தது. 22ஆம் நாள் ஒப்பமிடப்பட்ட போர்நிறுத்த உடன்படிக்கையின்படி நாடு கூறுபட்டது. வடபகுதியும் மேலைக் கடற்கரையும் செர்மானியப் படையின் பிடிக்குள் சென்றன. தெற்கே விஷி நகரில் மார்ஷல் பெத்தேனின் அரசு அமைந்தது. தோற்ற நாட்டின் படை சுருக்கப்பட்டது. படைக்கு ஆள் திரட்டும் அலுவலகங்கள் மூடப்பட்டன. அவ்வாண்டு நவம்பர்த் திங்களில், மக்கள்தொகை அலுவலகம் என்னும் பெயரில் புதிய அமைப்பொன்று தொடங்கப்பட்டது. அதன் தலைவர் கார்மீ. மறு ஆண்டு அது பழைய புள்ளிவிவர அலுவலகத்துடன் இணைந்து தேசியப் புள்ளிவிவரப் பணித்துறையாயிற்று.

வெளித்தோற்றத்தில் அஃது எண்களை அடுக்கும் ஓர் அலுவலகம். உள்ளேயோ வேறொரு நோக்கம் மறைந்திருந்தது. மீண்டும் போர் மூளும் நாளில், யாரை எந்த ஊரிலிருந்து படைக்கு அழைப்பது என்னும் பட்டியலைப் பகைவர் அறியாமல் ஆயத்தம் செய்வதே அந்நோக்கம். 1942 நவம்பரில் செர்மானியப் படை தென்பகுதிக்குள்ளும் புகுந்தபோது அம்மறைமுகத் திட்டம் கலைந்தது. ஆனால், அதே திங்களில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய அல்சீரியாவில், அத்துறையின் கிளை அலுவலகம் வைத்திருந்த பதிவுகள் பிரெஞ்சுப் படையை மீண்டும் திரட்டுவதற்கு உதவின. கார்மீ ‘மார்க்கோ போலோ’ என்னும் எதிர்ப்பியக்க வலையமைப்புடனும் தொடர்பு கொண்டிருந்தார்.

இனி, இக்கட்டுரையின் தலைப்பாக அமைந்த வினாவுக்கு வருவோம். 1941ஆம் ஆண்டு சூலையில், தென்பகுதியில் வாழ்ந்த 14 முதல் 65 வரை அகவையுடையோரின் தொழிலைக் கணக்கெடுக்கும் பணியைக் கார்மீயின் அலுவலகம் மேற்கொண்டது. மக்கள் நிரப்ப வேண்டிய படிவத்தில் கல்வி, தொழில், குடும்பம் பற்றிய வினாக்களுக்கு நடுவே பதினோராம் வினாவாக ஒன்று நின்றது: நீர் யூத இனத்தவரா?

ஒற்றை வரி வினா அது. விடை எழுதச் சில நொடிகள் போதும். ஆயின், அவ்விடை அட்டையில் துளையாக மாறிவிட்டால், அதன்பின் பொறியை ஓட்டும் எவரும் ஒரு மாவட்டத்தின் யூதர் அனைவரையும் பெயரும் முகவரியுமாகப் பிரித்தெடுத்துவிடலாம். அத்துளை இடப்படவே இல்லை என்றும், அக்கணக்கெடுப்பிலிருந்து யூதர் பட்டியல் எதுவும் வெளிவரவில்லை என்றும் பிற்கால ஆய்வாளர் எழுதியுள்ளனர். படிவத்தில் வினா இருந்தது. மக்கள் எழுதிய விடையும் இருந்தது. விடையைப் பேசவைக்கும் துளை மட்டும் இல்லை.

இதன் பொருளை உணர, அதே காலத்தில் நெதர்லாந்தில் நிகழ்ந்ததை ஒப்புநோக்குதல் வேண்டும். அங்கே மக்கள்தொகைப் பதிவேடுகளின் தலைமை அதிகாரியாக இருந்தவர் யாகோபுஸ் லென்ட்ஸ். அவரும் தொழிலில் தேர்ந்தவர். தம் பதிவேட்டின் செம்மையில் தீராக் காதல் கொண்டவர். போலி செய்வதற்கு மிகக் கடினமான அடையாள அட்டை ஒன்றை அவர் வகுத்தார். 1940 மார்ச்சில், நாடு இன்னும் உரிமையுடன் இருந்தபோது, டச்சு அரசு அதனை ஏற்கவில்லை. ஒவ்வொரு குடிமகனையும் குற்றவாளிபோல் கருதும் முறை தம் மரபுக்கு ஒவ்வாது என்பது அரசின் எண்ணம். இரண்டு திங்களில் செர்மானியர் வந்தனர். தம் அரசு மறுத்த திட்டத்தை லென்ட்ஸ் வந்தவர்களுக்காக நிறைவேற்றிக் கொடுத்தார். 1941 சனவரியில் யூதர் தம்மைப் பதிவு செய்துகொள்ளுமாறு ஆணை பிறந்தது. அப்பதிவும் ஒழுங்காகவே நிறைவேறியது.

நெதர்லாந்தில் வாழ்ந்த ஏறத்தாழ 1,40,000 யூதரில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டனர். மீண்டவர் சில ஆயிரவரே. பிரான்சில் வாழ்ந்த ஏறத்தாழ 3,30,000 யூதரில் நாடு கடத்தப்பட்டோர் ஏறத்தாழ 76,000 பேர். இவ்வேறுபாட்டுக்குக் கார்மீயே காரணம் என்று கூறுவது வரலாற்றுக்கு இழைக்கும் தவறாகும். பிரான்சின் பரந்த நிலப்பரப்பு, தென்பகுதி 1942 இறுதிவரை நேரடிப் பிடிக்கு வெளியே இருந்தமை, அண்டை வீட்டாரும் சமயத்தாரும் அளித்த அடைக்கலம் எனக் காரணங்கள் பல. எனினும், செம்மையான பட்டியல் உள்ள நாட்டில் ஒளிந்துகொள்ள இடம் குறைவு என்பதில் ஐயமில்லை. அவ்வுண்மையை உணர்ந்தே, 1943 மார்ச் 27 இரவில், டச்சு எதிர்ப்பியக்கத்தினர் ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு அலுவலகத்துக்குத் தீயிட்டனர். அதற்காக அவர்களுள் பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அரசு ஊழியர் ஒருவர் எழுதிக் குவித்த தாளை எரிப்பதற்குப் பன்னிரண்டு உயிர்கள் விலையாயின.

கார்மீயும் தம் விலையைக் கொடுத்தார். 1944 பிப்ரவரித் தொடக்கத்தில் லியோன் நகரில் செர்மானியக் காவல்துறையினர் அவரைக் கைது செய்தனர். அவ்வூரில் கொடுமைக்குப் பெயர்போன கிளாவுஸ் பார்பியின் விசாரணைக்கு அவர் உள்ளானார். பின்னர் மோன்லுக் சிறையிலும், கொம்பியேன் முகாமிலும் அடைக்கப்பட்டார். சூலை 2ஆம் நாள் கொம்பியேனிலிருந்து புறப்பட்ட சரக்கு இரயிலில் 2,100க்கும் மேற்பட்டோர் திணிக்கப்பட்டனர். கோடை வெயிலில், நீரின்றி, காற்றின்றி, டாக்கவ் முகாமை அடையுமுன் ஏறத்தாழ 500 பேர் பெட்டிகளுக்குள்ளேயே மாண்டனர். ‘சாவு இரயில்’ என்றே வரலாறு அதனைக் குறிக்கிறது. கார்மீ உயிருடன் டாக்கவை அடைந்தார். ஆயினும், 1945 சனவரி 25ஆம் நாள், தம் ஐம்பத்தொன்பதாம் அகவையில், முகாமில் பரவிய நச்சுக்காய்ச்சலுக்கு இரையானார். மூன்று திங்கள் கழித்து, ஏப்ரல் 29ஆம் நாள் அம்முகாம் விடுதலை பெற்றது.

இவ்வாழ்விலிருந்து எழும் முதல் அறவினா வாய்மை பற்றியது. மேலிடத்து ஆணையை ஏற்றதுபோல் காட்டி, உள்ளே அதனை நிறைவேற்றாது விடுவது பொய் அன்றோ? புள்ளிவிவர அறிஞர்க்கோ இவ்வினா இன்னும் கூர்மையானது. கணக்கைப் பிழையின்றித் தருவதே அவர் தொழிலின் கற்பு. தெரிந்தே ஒரு கட்டத்தை வெறுமையாக விடுவது அத்தொழிலுக்குச் செய்யும் துரோகம். அவ்வளவுகோலால் அளந்தால், லென்ட்ஸ் குற்றமற்றவர், கார்மீ குற்றவாளி.

அளவுகோலே இங்கே பழுதுபட்டது என்பது தெளிவு. பிற உயிர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்பது தமிழ் அறமரபு நெடுங்காலமாகப் போற்றிவரும் கொள்கை. நடந்ததை நடந்தவாறே கூறுவது மட்டும் வாய்மையாயின், ஒளிந்திருப்பவனின் இருப்பிடத்தைக் கொலைஞனுக்குக் காட்டுபவனும் வாய்மையாளன் ஆகிவிடுவான். எண்ணின் செம்மை ஒரு நற்பண்பே. ஆனால், அச்செம்மை எதற்குப் பயன்படும் என்னும் வினாவுக்கு விடை கண்ட பின்னரே அது நற்பண்பு ஆகும்.

இரண்டாம் வினா பதவி பற்றியது. தீய அரசின்கீழ் ஒரு நாள் பணியாற்றுவதும் பாவம் எனக் கருதி விலகுவது ஒரு வழி. அதற்கும் பிரான்சிலேயே சான்று உண்டு. ஷார்த்ர் நகரின் மாவட்ட ஆட்சியராக இருந்த ழான் மூலேனிடம், 1940 சூன் 17ஆம் நாள் செர்மானியர் ஓர் ஆவணத்தை நீட்டி ஒப்பமிடக் கூறினர். பிரெஞ்சுப் படையில் இருந்த செனகல் நாட்டு வீரர்கள் பொதுமக்களைக் கொன்றனர் என்னும் பொய்க் குற்றச்சாட்டு அது. மூலேன் மறுத்தார், அடிபட்டார். அடியின் வேதனையில் கை தளர்ந்து ஒப்பமிட்டுவிடக்கூடும் என அஞ்சி, அன்றிரவு தம் கழுத்தைத் தாமே அறுத்துக்கொண்டார். உயிர் பிழைத்து, அவ்வாண்டு இறுதியில் பதவி நீக்கப்பட்டு, எதிர்ப்பியக்கத்தின் பெருந்தலைவரானார். அவரும் பார்பியின் கைகளில் வதைபட்டு, 1943 சூலையில் செர்மனிக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் உயிர் நீத்தார். 1964இல் பாரிசின் பாந்தியோன் நினைவாலயத்தில் அவருக்கு இடமளித்தது நாடு.

மூலேனின் மறுப்பு பகலவன்போல் வெளிப்படையானது. ஐயத்துக்கு அங்கே இடமில்லை. கார்மீயின் மறுப்போ நிலத்தடி நீர் போன்றது. வெளியே நிற்பவர் கண்ணுக்கு அவர் விஷி அரசின் கீழ்ப்படிதலுள்ள அதிகாரி. அவர் விலகியிருந்தால் அவர் கை தூய்மையாக இருந்திருக்கும். ஆனால், அதே நாற்காலியில் ஒரு லென்ட்ஸ் வந்து அமர்ந்திருக்கக்கூடும். தம் தூய்மையைக் காத்துப் பிறரைக் கைவிடுவதா, தம்மீது கறை படிந்தாலும் பிறரைக் காக்க முயல்வதா என்னும் இருதலைக்கொள்ளியில் உள்ளிருந்து எதிர்ப்பவர் நிற்கிறார். ‘உள்ளிருந்து நன்மை செய்யவே பதவியில் நீடித்தேன்’ என்று போருக்குப்பின் கூறாத அதிகாரியே இல்லை. மெய்யாகவே செய்தவரையும் செய்ததாகச் சொல்லிக்கொள்பவரையும் பிரித்தறிவது எவ்வாறு?

இங்கே நேர்மையாகச் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும். கார்மீயின் ஏடுகள் முற்றும் வெண்மையானவை அல்ல. 1941 சூனில், யூதர் விவகாரத் தலைமை ஆணையராக இருந்த சேவியே வலாவுக்கு, யூதர் கணக்கெடுப்பில் தம் அலுவலகம் உதவக்கூடும் என அவர் எழுதிய கடிதம் உண்டு. பணியைத் தம் கைக்குள் கொணர்ந்து முடக்குவதற்கான சூழ்ச்சி என்று அதனைக் கொள்வார் சிலர். அரசுக்கு இசைந்துபோன செயலே என்பார் வேறு சிலர். அவர் வகுத்த ஆள் எண் முறையிலும், அல்சீரியாவில் முசுலிம்களையும் யூதர்களையும் வேறு குடிமக்களிடமிருந்து பிரித்துக்காட்டும் தனி இலக்கங்கள் சேர்க்கப்பட்டிருந்தன. அன்றியும், 1942 சூலை 16, 17 ஆகிய இரு நாட்களில் பாரிசில் 13,152 யூதர் பிடிக்கப்பட்டபோது, காவல்துறை பயன்படுத்தியது தன் சொந்த எழுத்தர் தொகுத்து வைத்திருந்த அட்டைப் பெட்டிகளை. கார்மீயின் பொறி மௌனமாக இருந்தது. வேறோர் அலுவலகம் பேசிவிட்டது.

இவ்வுண்மைகளை மறைத்து ஒருவரைப் போற்றுவது போற்றுதல் ஆகாது. மாசற்ற தெய்வமாக ஆக்கப்பட்டவரிடமிருந்து மனிதர் எதையும் கற்றுக்கொள்வதில்லை; மாலை சூட்டிவிட்டு வீடு திரும்பிவிடுகின்றனர். ஐயத்துக்கு இடமான பதவியில், ஐயத்துக்கு இடமான கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, இறுதியில் எந்தப் பக்கம் நின்றார் என்பதைத் தம் உடலாலேயே எழுதிச் சென்றவர் என்று நினைவுகூர்வதே கார்மீக்கு உரிய சிறப்பு. முன்பு எழுப்பிய வினாவுக்கு விடையும் இதிலேயே உள்ளது. உள்ளிருந்து எதிர்த்தேன் என்பதற்குச் சொல் சான்றாகாது. அவ்வெதிர்ப்புக்காக அவர் இழந்தது யாது, அவரால் நிறைவேறாமற்போன ஆணை எது என்னும் இரண்டுமே சான்றாகும்.

எதிர்ப்பக்கத்துக்கும் சான்றுகள் உண்டு. 1961இல் யெருசலேம் நீதிமன்றத்தில் நின்ற அடால்ஃப் ஐக்மன், தாம் ஆணைகளை நிறைவேற்றியவர் மட்டுமே என்றார். போர்தோ நகரில் உயர் அதிகாரியாக இருந்து, யூதரை இரயிலேற்றும் தாள்களில் ஒப்பமிட்ட மோரிஸ் பாப்போன், போருக்குப்பின் பதவிமேல் பதவி பெற்று அமைச்சராகவும் உயர்ந்தார். 1998இல்தான் மானிடத்துக்கு எதிரான குற்றத்துக்கு உடந்தையானவர் எனத் தீர்ப்புப் பெற்றார். லென்ட்ஸ் போருக்குப்பின் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை அடைந்தார். இவர்கள் யாரும் ஒருவரையும் தம் கையால் கொன்றதாகக் கூறிக்கொள்ளவில்லை. அவர்கள் செய்தது அலுவலக வேலை.

மிகத் தெளிவாகச் சட்டத்துக்குப் புறம்பானதும், பொதுநலனுக்குப் பெருங்கேடு விளைவிப்பதுமான ஆணைக்கு அரசு ஊழியர் பணிய வேண்டியதில்லை என்று 1983 சூலை 13ஆம் நாள் பிரெஞ்சுச் சட்டம் எழுத்தில் வகுத்தது. போர்க்காலத்தின் கசப்பான படிப்பினையும் அவ்வரிகளுக்குப் பின்னே உண்டு. எனினும், சட்டம் பின்னால் வருவது. மனச்சான்றே முன்னால் செல்ல வேண்டியது. விஷி அரசின் யூத எதிர்ப்பு ஆணைகள் சட்டம் என்னும் பெயரிலேயே வெளிவந்தன என்பதை மறத்தல் ஆகாது.

கார்மீயின் வாழ்வு தரும் மற்றொரு படிப்பினை கருவியைப் பற்றியது. தீயவர் வரும்வரை கருவி குற்றமற்றதாகவே தோன்றும். மக்கள் நலனுக்காக ஒரு படிவம் அச்சாகிறது; அதில் ஒருவரின் இனமும் சமயமும் கேட்கப்படுகின்றன. கேட்பவருக்கு அன்று கெட்ட நோக்கம் ஏதும் இல்லாதிருக்கலாம். ஆனால், ஆட்சி மாறும். அலமாரியில் உள்ள ஏடு மாறாது. நாளை அதனைத் திறப்பவர் யார் என்பது இன்று எழுதுபவருக்குத் தெரியாது. ஆதலின், இவ்வினா எதற்கு, இவ்விடையால் யாருக்கு என்ன நேரும் என்று கேட்கும் பொறுப்பு எழுதும் ஒவ்வொருவருக்கும் உரியது.

போருக்குப்பின், 1946இல், கார்மீ தலைமையேற்ற துறை பிரான்சின் தேசியப் புள்ளிவிவர நிறுவனமாக மறுபிறப்பு எடுத்தது. அவர் வகுத்த எண் முறை இன்றும் வாழ்கிறது. பிரான்சில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பதின்மூன்று இலக்க எண் வழங்கப்படுகிறது. ஆணாயின் 1, பெண்ணாயின் 2 எனத் தொடங்கி, பிறந்த ஆண்டும் திங்களும் ஊரும் வரிசையும் அதில் அடங்கும். மருத்துவமனையிலும் ஓய்வூதிய அலுவலகத்திலும் அவ்வெண்ணைச் சொல்பவர்களுள் அதனை வகுத்தவர் டாக்கவில் மாண்டதை அறிந்தவர் சிலரே. இன்று அவ்வெண்ணில் இனத்துக்கோ சமயத்துக்கோ ஓர் இலக்கமும் இல்லை.

கல்லில் செதுக்கிய பெயரைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் அவ்வெண்ணே எனலாம். அது கார்மீயின் திறமையைக் காட்டுகிறது; அத்திறமையில் உறைந்திருந்த ஆபத்தையும் காட்டுகிறது. கோப்பைத் திறந்து எழுதுகோலை எடுக்கும் எந்நாட்டு ஊழியருக்கும் என்றேனும் ஒரு நாள் பதினோராம் வினா வந்து சேரும். அது பெரும் முரசொலியுடன் வாராது. மற்ற வினாக்களைப் போலவே, அச்சடித்த தாளில், அமைதியாக, ஒற்றை வரியாய் வந்து நிற்கும். அன்று அவ்வூழியர் தாளில் பெயர் எழுதப்பட்டிருப்பவரின் முகத்தை நினைத்துப் பார்ப்பாராயின், கார்மீ வீணாக மாண்டவர் ஆகார்.